பின்சீட்டின் இடது பக்கம்

காரைத் தரையோடு தாழ்த்தி ஓட்டுவது எழுபதுகளில் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு பைத்தியம். அப்பா உயிரோடு இருந்தவரை அதற்கு விடவில்லை. அவருடைய காரியங்கள் முடிந்த மறுவாரமே வண்டியை வடபழனியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதை விசாரித்தவர்கள்மீது எரிச்சல்தான் வந்தது.

வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுக்கும் முன் மெக்கானிக் கேட்டார். “எப்பவும் யார் யார் குந்துவீங்க நைனா? அந்த வெயிட்ட ஏத்தி வச்சாத்தான் ரெண்டு பக்கமும் சமமா வரும்.”

“முன்னாடி நானும் அம்மாவும். பின்னாடி இடது பக்கம் அப்பா. எண்பது கிலோ இருப்பார்” என்றேன்.

அந்த இடத்தில் அவர் எண்பது கிலோவுக்கு மணல் மூட்டைகளை வைத்து வேலையை முடித்தார். பக்கத்திலேயே நின்றிருந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மூட்டைகளை இறக்கியதும் வண்டியின் இடது பக்கம் இரண்டு விரல் உயர்ந்து நின்றது.

“அப்பா குந்திக்கினா சரியாப் பூடும்” என்றார்.

தலையாட்டிவிட்டு மயிலாப்பூருக்கு ஓட்டிவந்தேன். வாசலில் நின்ற அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பின்கதவைத் திறந்து, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கொஞ்சம் இறங்கியது. ஆனால் சமமாகவில்லை.