காற்று எழும்பும் வசனம்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சலவைப் பிரிவைக் கவனித்துவந்தவளை, பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் சலவையக்கா என்றே கூப்பிட்டார்கள். தினமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் விரிப்புகளின் கறையைப் பார்த்தே இது பிரசவ வார்டு, இது எலும்பு முறிவு வார்டு என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை தலையணை உறைக்குள் முழுப் பல்செட் ஒன்று வந்து சேர்ந்தது. அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்கி, "யாருக்காவது சிரிப்பு தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டு, உரியவரிடம் ஒப்படைத்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆராதனையில் போதகருக்குத் தொண்டை சுத்தமாக அடைத்துக்கொண்டது. யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று அவர் சைகை காட்டினார். எல்லோரும் தரையைப் பார்த்தபோது சலவையக்கா எழுந்தாள். இருபது நிமிஷம் பேசினாள். அதிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கம் அவளுடையது. பட்டமோ படிப்போ கிடையாது. பைபிளில் ஒரே பகுதியை ஆறு நாள் திரும்பத் திரும்ப வாசிப்பாள். மனதில் பட்டதைப் பழைய சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை போதகர் அவளைத் தேடிச் சலவைக் கூடத்துக்கே வந்துவிட்டார். நீராவிப் புழுக்கத்தில் கண்ணாடி மங்கி, கதவோரம் நின்று துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த ஞாயிறு நன்றி ஆராதனை வச்சிருக்கோம். நீங்கதான் பேசணும். பைபிள்ல எந்தச் சங்கீதம்னு நானே பார்த்து வச்சிட்டேன். ஆபத்துல இருந்து தப்பி வந்தவங்க பாடுறது."

"இந்த ஞாயிறு என் முறை இல்லையே ஐயா?"

"முறை என்ன முறை? உங்க வீட்டுலயே சாட்சி இருக்கே. உங்க பொண்ணு உயிரோட வந்ததுக்கு நீங்க பேசாம வேற யாரு பேசுவா?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் இயந்திரத்தின் கதவைச் சாத்தினாள்.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த விபத்து அது. ஆற்றின் அக்கரையில் உள்ள செருப்புத் தொழிற்சாலையில் அவள் மகளுக்கு வேலை. சாயங்காலம் வேலை விட்டதும் எல்லோரும் படகில்தான் இக்கரை திரும்புவார்கள். அன்று நடு ஆற்றில் எங்கிருந்தோ வந்த காற்று படகைப் புரட்டிப் போட்டது. முப்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேரைக் கரை சேர்த்தார்கள். மகள் அந்த இருபத்தெட்டில் ஒருத்தி. கரை சேராத மூன்று பேரில் ஒருவன் தையலம்மாவின் ஒரே மகன். தையல்கடை நடத்தும் அவள் இதே சபையில், இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவள். பிரசங்கம் செய்கிறவர் தலை நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படும் முகம் அவளுடையதுதான்.

முடியாது என்று சலவையக்கா சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக மனதுக்குள் நன்றி சொல்லிச் சொல்லி, அதை வாய்விட்டுச் சொல்ல இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் படியேறிப் போன மறுநிமிஷமே ஏன் ஆட்டினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

செவ்வாயன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், மடித்த விரிப்புகளின் அடுக்கில் சாய்ந்து அந்தச் சங்கீதத்தை எடுத்தாள். நான்கு கூட்டம் மனிதர்கள் அதில் வந்தார்கள். பாலைவனத்தில் வழி தவறியவர்கள், இருட்டில் விலங்கு பூட்டிக் கிடந்தவர்கள், சோற்றைக் கண்டாலே குமட்டும் நோயாளிகள், கடைசியாகக் கடலில் கப்பலோட்டியவர்கள். நான்கு கூட்டமும் ஆண்டவரைக் கூப்பிட்டது, நான்கும் தப்பியது, நன்றி சொல்லும்படி நான்குக்கும் கட்டளை வந்தது. முதல் மூன்றையும் மளமளவென்று குறித்துவிட்டாள். கப்பல்காரர்களிடம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அலையை அடக்கியவர் ஆண்டவர், சரி. அதற்குச் சில வசனங்களுக்கு முன் காற்றை எழுப்பியதும் அவரே.

இத்தனை வருஷம் எத்தனை தடவை வாசித்திருப்பாள்! அந்த வரியைக் கண் தாண்டிக்கொண்டே போயிருக்கிறது. சீட்டை எடுத்து 'காற்று?' என்று எழுதினாள். அதற்குமேல் எழுத எதுவும் வரவில்லை. அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொற்று நோய் வார்டின் சிவப்பு மூட்டையைச் சாதாரண இயந்திரத்தில் போடப்போனாள். உதவிக்கு நின்ற பெண், "அக்கா! அக்கா! என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மகள் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். உட்கார்ந்து சாப்பிட மாட்டாள், குளிக்கும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டாள். ஈரத்துணியால் தலையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், பாத்திரம் துலக்கிக்கொண்டே சலவையக்கா பேச்செடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க கண்ணு."

"தெரியும். என்னை வச்சுப் பேசாதம்மா."

"உன் பேரை எடுக்க மாட்டேன். ஆனா ஆண்டவர் உன்னைக் கைப்பிடிச்சுத் தூக்கிவிட்டதை…"

"என்னை யாரும் தூக்கிவிடல." மகள் நடையை நிறுத்தினாள். "தண்ணிக்குள்ள யாரோ என் காலைப் பிடிச்சாங்கம்மா. நான் உதறினேன். ரெண்டு தடவை உதறினேன். அப்புறம்தான் மேல வந்தேன். அது யாருன்னு எனக்குத் தெரியாது. போதுமா? இதையும் சேர்த்துப் பேசு."

சலவையக்காவின் கையிலிருந்த தட்டு தொட்டியில் விழுந்தது. அவள் திரும்பி அணைக்கப் போனாள். மகள் விலகி வாசலுக்குப் போய், செருப்பு மாட்டாமல் தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடி நடந்தாள்.

அந்த 'யாரோ' அன்றிலிருந்து தாயின் காலையும் பிடித்துக்கொண்டது. கரை சேராதவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவன் தையலம்மாவின் பையன். சாயங்காலம் படகில் மகளுக்குப் பக்கத்தில் நின்று கதை பேசிக்கொண்டே வருகிறவன். சலவைக் கூடத்தில் சூடான இஸ்திரி உருளைகளுக்கிடையே விரிப்பு நுழைந்து மறுபக்கம் தட்டையாக வருவதைப் பார்த்துக்கொண்டே அவள் கணக்குப் போட்டாள். மூன்றில் ஒன்று. மூன்றில் ஒன்று. தூக்கத்திலும் உதடு அதையே முணுமுணுத்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுத் தையலம்மாவின் கடைக்குப் போனாள். பிரசங்கத்தில் பேசலாமா என்று அனுமதி கேட்கப் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறொன்றைச் சொல்லிவிடுவோமோ என்ற பயமும் கூடவே வந்தது. வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தாள்.

தையலம்மா பள்ளிச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"உட்காருங்க. துணியை நகர்த்திட்டு உட்காருங்க."

"ஞாயித்துக்கிழமை நன்றி ஆராதனை…"

"கேள்விப்பட்டேன். நீங்க பேசுறீங்களாமே."

"நீங்க வேண்டாம்னு சொன்னா நான் பேசல."

இயந்திரம் நின்றது. தையலம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பேசுங்க. எதுக்குப் பேசாம இருக்கணும்? உங்க பொண்ணு வந்திருக்கா. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லல. ஆனா ஒண்ணே ஒண்ணு. நாங்க ஜெபம் பண்ணினோம், அதனால பொழைச்சான்னு மட்டும் சொல்லிடாதீங்க. நானும் பண்ணினேன். கரையில மண்டி போட்டு, முட்டி கிழிஞ்சு ரத்தம் வர்ற வரைக்கும் பண்ணினேன்."

சலவையக்கா பக்கத்தில் நகர்த்திவைத்த துணியை எடுத்து மடித்தாள்.

"அந்தச் சங்கீதத்தை நானும் வாசிச்சேன்," என்றாள் தையலம்மா. "காத்தைக் கிளப்பினது யாருன்னு அதுல எழுதியிருக்கு. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"என்ன சொல்லப் போறீங்க அதுக்கு?"

"தெரியலக்கா. செவ்வாக்கிழமையில இருந்து முட்டிக்கிட்டு நிக்கிறேன்."

தையலம்மா முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "அப்ப அதையே சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையின் காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.

காலைப் பிடித்த கையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் சலவையக்கா எழுந்து வந்துவிட்டாள். அது மகளுடைய ரகசியம். தெருவில் இறங்கியதும் சொல்லாமல் விட்டது சரியா என்று மனம் அரிக்கத் தொடங்கியது. சொல்லியிருந்தாலும் அரித்திருக்கும்.

சனிக்கிழமை அதுவரை எழுதிய சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தாள். அப்போதுதான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. இரண்டையும் சின்னச் சீட்டு ஒன்றில் எழுதி மடித்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. தையலம்மா தன் மூன்றாவது பெஞ்சில்தான் இருந்தாள். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த மகள், பாட்டு முடிகிற நேரத்தில் வந்து கடைசி வரிசையில், உட்காராமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் கண்டதும் சலவையக்கா மடித்துவைத்த சீட்டைப் பிரித்தாள்.

"இந்தச் சங்கீதத்துல நாலு கூட்டம் கூப்பிடுறாங்க," என்று தொடங்கினாள். "ஆனா என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு ஒரு இடத்துலயும் எழுதல. கவனிச்சீங்களா? ஜெபம் பண்ணினாங்களா, திட்டினாங்களா, ஐயோ அம்மான்னு கத்தினாங்களா, தெரியாது. தண்ணிக்குள்ள வார்த்தை ஏது? உயிர் தவிக்கிறப்ப கையும் காலும் என்னென்னவோ பண்ணும். ஆண்டவர் அதுக்கெல்லாம் விளக்கம் கேட்டதா இதுல இல்ல."

கதவருகே பார்க்கக் கூடாது என்று உறுதியோடு இருந்தவள் பார்த்துவிட்டாள். மகள் குனிந்திருந்தாள்.

"இன்னொண்ணு. நன்றி சொல்லுங்கன்னு இதுல யாருக்குக் கட்டளை? தப்பி வந்தவங்களுக்கு. அவங்களுக்கு மட்டும்தான். திரும்பி வராதவங்க வீட்டுக்குப் போய், நீயும் பாடுன்னு இந்தச் சங்கீதம் ஒரு வரியும் சொல்லல. அதனால இன்னைக்கு நான் என் வீட்டுக்காக மட்டும் நன்றி சொல்றேன். வேற யாரையும் எழுந்து நிக்கச் சொல்ல மாட்டேன்."

போதகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆராதனை முறையில் அடுத்தது எல்லோரும் எழுந்து நின்று நன்றிப் பாட்டுப் பாடுவதுதான்.

"கடைசியா அந்தக் காத்து. அதைக் கிளப்பினதும் அவர்தான்னு எழுதியிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல. ஆறு நாளா யோசிச்சேன். இனியும் யோசிப்பேன். தெரிஞ்ச மாதிரி உங்க முன்னால நடிக்க எனக்கு வரல. அவ்வளவுதான்."

வழக்கமாக அரைமணி நேரம் பேசுகிறவள் பத்தே நிமிஷத்தில் இறங்கிவிட்டாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் எழுந்தார். ஒரு கணம் தயங்கி, உட்கார்ந்தே பாடலாம் என்றார். தையலம்மா பாடவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

ஆராதனை முடிந்து போதகரின் அறையில் தண்ணீர் குடிக்கும்போது, ஜன்னல் வழியாக வெளிமுற்றம் தெரிந்தது. மகள் தையலம்மாவை வழிமறித்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சலவையக்காவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. தையலம்மா குனிந்து மகளின் காலைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு நிமிர்ந்து ஏதோ சொன்னாள், குடையை விரித்தாள், வெயிலில் தனியாக நடந்து போனாள்.

என்ன பேசினார்கள் என்று மகள் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள். "எந்தக் கால்னு கேட்டாங்க. வலதுன்னேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. 'நானா இருந்தாலும் உதறியிருப்பேன்'னாங்க. அப்புறம், 'கொஞ்ச நாளைக்கு என் கண் முன்னால வராதே. வரலாம்னு எனக்குத் தோணும்போது நானே சொல்லி அனுப்புறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். வேற என்ன சொல்றது?"

அன்று மகள் தலைக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சலவையக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

அடுத்த மாதம் மகள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். படகில் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு பாலம் வழியே போகும் பஸ்ஸில், ஒன்றரை மணி நேரம். தையலம்மா அதற்குப் பிறகு ஏழெட்டு வாரம் சபைக்கு வரவில்லை. மூன்றாவது பெஞ்சில் அவள் இடம் காலியாகவே இருந்தது. நம் பேச்சால்தான் வரவில்லையோ என்று சலவையக்கா நினைத்து நினைத்து இளைத்துப்போனாள். பிரசங்கம் வேண்டாம் என்று ஒருமுறை போதகரிடம் சொல்லியும் பார்த்தாள். "பத்து நிமிஷம் பேசுங்க அக்கா, அதுவே போதும்," என்றார் அவர். அவருக்கு அன்றைய பேச்சு பிடித்ததா இல்லையா என்று கடைசிவரை அவள் கண்டுபிடிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை தையலம்மாவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"உங்க பொண்ணு வீட்டுல இருக்காளா? வரச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. பித்தான் தைக்க ஆள் இல்லாம நாப்பது சட்டை கிடக்கு."

மகள் மறுபேச்சுப் பேசாமல் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அவள் போன பிறகு சலவையக்கா அடுப்பை ஏற்றினாள், அணைத்தாள், துடைத்த மேடையையே திரும்பத் துடைத்தாள். மறுநாள் பிரசங்கத்துக்காக எடுத்துவைத்திருந்த பகுதியைத் திறந்து வாசித்தாள். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. மூடிவிட்டு, வாசலுக்கும் சமையலறைக்குமாக, கேட் திறக்கும் சத்தம் கேட்கும் வரை நடந்துகொண்டே இருந்தாள்.