பனி மெஷினுக்கு எண்ணெய்க் குளியல்

முனியசாமி அண்ணனுக்கு அல் ஐனில் மூன்று வேலைகள்: அர்பாபின் காரை ஓட்டுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது, முதலாளியான அந்த அர்பாப் செய்யும் கிறுக்குத்தனங்களைச் சுத்தம் செய்வது. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது. நான் அதே வீட்டில் சமையல். எனக்கு அதிகம் பேச வராது. அடுப்படியில் ஒரு ஜன்னல் இருந்தது, அது போதும்.

எண்பத்தைந்தில் அர்பாப் கனடா போய் வந்தார். வாசல் பனியை வாரி வீசும் ஒரு சிவப்பு மெஷினும் கூடவே வந்தது. பனி இல்லாவிட்டால் என்ன, மணல் இருக்கிறதே! முதல் நாளே அது மணலை வாரி, வெள்ளைக் கார் மேலும் அர்பாபின் தாடி மேலும் பாரபட்சமில்லாமல் வீசியது. அப்படியும் அவருக்கு அதன் மேல் ஆசை விடவில்லை.

அண்ணன் கமுதிப் பக்கம். ஊரைவிட்டு வந்து மூன்று வருடம். வந்தபின் பிறந்த மகளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். லீவு கேட்டால், "மெஷினை யார் ஓட்டுவது?" என்பார் அர்பாப்.

மறு மார்ச்சில் அண்ணன் மெஷினோடு வந்த புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினார். அதில் சூரியன் படம், பக்கத்தில் உறை போட்டு மூடிய மெஷின்.

"வெயில் காலத்துல இதுக்கு ரெஸ்ட், அர்பாப்," என்றார், தெரிந்த இந்தியில்.

அர்பாப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அச்சா. மெஷின் தூங்கினால் நீ லீவு போ. எழுந்தால் லீவு மாஃபி, கிடையாது." பிறகு புத்தகத்தைப் படித்துச் சொன்னார்: பெட்ரோலை வடி, பிளக்கைக் கழற்று, அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விடு, மூடி வை.

அண்ணன் நேரே ஜன்னலுக்கு வந்தார்.

"தங்கச்சி, என் நல்லெண்ணெய் பாட்டிலை எடு."

அது அவருடைய வெள்ளிக்கிழமைக் குளியலுக்கானது.

"எஞ்சின் ஆயில் இருக்கேண்ணே?"

"அது ஓடுறவனுக்கு. படுக்கப் போறவனுக்கு நல்லெண்ணெய்தான். ஒரு ஸ்பூன்ல எவனாச்சும் எண்ணெய் தேச்சுக் குளிப்பானா?"

பாட்டிலில் பாதி துளைக்குள் போயிற்று. பிளக்கை மாட்டி, உறை போட்டு மூடினார்.

வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட். வியாழன் காலை மணல்காற்று அடித்தது. கார் வெளியே போக வழியில்லை.

"யல்லா, மெஷினை எழுப்பு!"

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். அசையவில்லை.

"நடிக்கிறாயா?" என்று அர்பாபே பிடித்து இழுத்தார். தலைத்துணி பறந்தது, ஒரு செருப்பு பறந்தது, கயிறு ஒரு சாண்கூட வரவில்லை.

உள்ளே எண்ணெய் நிரம்பிக் கிடந்தால் எந்த எஞ்சினும் சுற்றாது. பிளக்கைக் கழற்றி வடித்தால் பத்து நிமிட வேலை. அண்ணனுக்கு அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஜன்னலில் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"நல்ல தூக்கம், அர்பாப்," என்றார்.

மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய அர்பாப் கையை உதறினார். "கலாஸ், முடிந்தது. போ. வந்து நீயே எழுப்பு."

அண்ணன் இரண்டு மாதம் கமுதியில் மகளைத் தோளில் தூக்கித் திரிந்தார். அந்த இரண்டு மாதமும் வாசல் மணலைத் துடைப்பத்தால் தள்ளியது நான்தான். மீதிப் பாதி பாட்டிலை இடுப்புக்குத் தேய்த்துத் தீர்த்தேன்.