மின்சாரம் வந்த சத்தம்

ஐயா, நீங்கள் என் மதிப்பெண்ணை அநியாயமாக வெட்டினீர்கள். உலகப் பிரச்சினைகள் பற்றிய முதுகலைப் படிப்பை இணையத்தில் நடத்துகிற பேராசிரியர் நீங்கள். நான் மியான்மரின் யாங்கோனில், தின்கன்ஜூன் பகுதித் துணிக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறவள்.

வகுப்பு நேரம் வந்தால் கடை முதலாளி பாய் என்னைப் பின்னறைக்கு அனுப்பிவிடுவார். “நீ போய்ப் படிம்மா. துணிய நான் கிழிச்சுக் குடுத்துக்கிறேன். பரீட்சைய மட்டும் என்னால எழுத முடியாது” என்பார்.

அன்றைய பாடம், மின்சாரம் கிடைக்காத மக்கள். எங்கள் தெருவில் காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜை நம்பி, என் முறை வந்ததும் பேச ஆரம்பித்தேன். அப்போது பின்னறை மின்விசிறி சுழன்றது. “மீ லாபீ” என்று தெருவே கத்தியது. பர்மிய மொழியில் மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். பாய் கத்தினார். பழக்கத்தில் நானும் கத்திவிட்டேன்.

நீங்கள் என் ஒலிவாங்கியை அணைத்தீர்கள். வகுப்பில் ஒழுங்கில்லை என்று எழுதி, பங்கேற்பு மதிப்பெண்ணில் பாதியைக் குறைத்தீர்கள். அது இல்லாமல் இந்தத் தாளில் நான் தேற மாட்டேன். தனியாகக் கேட்டு எழுதினேன். விதி அப்படி என்று ஒரே வரியில் பதில் வந்தது.

பாய் உங்களுக்காகவும் பரிந்து பேசினார். “பாவம், அவரு ஊருல கரண்டு போயிருந்தாத்தானே தெரியும்.” எனக்கு அந்த மனசு இல்லை. அடுத்த வகுப்பில் எல்லா மாணவர்களும் கேட்கப் பதில் சொல்லுங்கள்: நீங்கள் நடத்திய பாடம் எங்கள் தெருவைப் பற்றியதா, இல்லையா?