மேஜைமேல் நீந்திய வாத்து

அந்த ஹோட்டலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'டேப்'. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொன்றாகக் கேட்டாலும், துண்டுச் சீட்டு இல்லாமல் சமையல்கட்டில் போய் டேப் ரெக்கார்டர் மாதிரி அப்படியே ஒப்பிப்பார். யாருக்குக் காரம் ஆகாது, யார் வெங்காயத்தைக் கண்டால் முகம் சுளிப்பார் என்பது வரைக்கும் அதில் வரும். பத்தொன்பது வருஷம் நடந்த நடையில் வலது முட்டி தேய்ந்துவிட்டது. "நடையைக் குறைச்சுக்கோங்க" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். சர்வர் நடையைக் குறைத்தால் வேலைக்கே வர வேண்டாம் என்பார்கள்.

இருந்த ஒரே வழி சூப்பர்வைசர் நாற்காலி. வாசலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பழைய சூப்பர்வைசர் மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்தது டேப்தான் என்பதில் சமையல்கட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளிக்குக் கண்ணாடிப் பைத்தியம் பிடித்தது.

சாப்பிட வருகிறவர்களுக்குக் கண்ணை மூடும் பெரிய கண்ணாடி, காதுக்கு மூடி. மாட்டிக்கொண்டால் மேஜையும் தெரியும், மேஜைமேல் இல்லாததும் தெரியும். சூப் வைத்தால் கிண்ணம் குளமாகிவிடும், குளத்தில் வாத்து நீந்தும். கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத்தான் 'இது சூப்' என்று கண்ணாடி கண்டுபிடிக்குமாம். இருபத்துநாலு கண்ணாடி வந்து இறங்கின. சர்வர்களுக்கு ஒன்றுகூட இல்லை. கூடவே ஒரு சட்டமும் வந்தது: காட்சி ஓடும்போது சர்வர் வாயைத் திறக்கக் கூடாது.

"சூடா இருக்குன்னு கூடச் சொல்லக் கூடாதா தம்பி?" என்று, கண்ணாடிகளோடு வந்த என்ஜினியரிடம் டேப் கேட்டார்.

"சொன்னாலும் கேக்காதுண்ணே. காதுல தண்ணிச் சத்தம் ஓடும்."

"அப்போ எனக்கும் ஒண்ணு குடு. எதைப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னாவது தெரிஞ்சுக்கறேன்."

"முதலாளிகிட்ட கேட்டேண்ணே. 'அவன் என்ன படம் பாக்கவா வர்றான்'னுட்டாரு."

கண்ணைப் பார்த்துத்தான் அவர் இத்தனை வருஷம் வேலை செய்தார். தண்ணீர் வேண்டும், பில் வேண்டும், பக்கத்து மேஜைக்காரன் தட்டில் இருப்பது வேண்டும், எல்லாம் கண்ணிலேயே தெரியும். இப்போது கண் இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி, அதில் அவர் முகமே தெரிந்து தொலைத்தது. ஒரு பெண் அவர் தலையைக் காட்டிக் கைதட்டிச் சிரித்தாள். தலையில் என்ன உட்கார்ந்திருந்ததோ!

மனைவி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "நாற்காலி வர்ற வரைக்கும் ஊமையா இருங்களேன். என்ன குறைஞ்சு போகும்?" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி தன் மச்சானை அழைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி யோசனையே மச்சானுடையதுதான். "இன்னிக்கு நல்லபடியா முடிச்சிடு. திங்கக்கிழமை உனக்கு நல்ல சேதி" என்று டேப்பின் காதைக் கடித்தார் முதலாளி.

டேப் சூப்பை வைத்துவிட்டு ஓரமாக நின்றார், வாயைத் திறக்கவில்லை. ஆவி பறந்தது. கண்ணாடிக்குள் அது பனிமூட்டமாகத் தெரிந்திருக்கும்.

"அட, என்னையே பாக்குதுடா! வா, வா" என்று மச்சான் கையை நீட்டினார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஐந்து விரலையும் விரித்து, கொதிக்கிற சூப்பை நோக்கி இறக்கினார்.

"சார், கொதிக்குது!"

மச்சான் காதில் விழவில்லை. டேப் பாய்ந்து கிண்ணத்தைப் பிடித்து இழுத்தார். பாதி மேஜைவிரிப்பில் கொட்டியது, மீதி அவர் மணிக்கட்டில்.

"யாருய்யா அது? என் வாத்து எங்கய்யா?" மச்சான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேஜைக்குக் கீழே தேடினார்.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, காட்சி நடக்கும்போது குறுக்க வராதேன்னு?"

"கையை உள்ள விட்டாரு முதலாளி. வெந்து போயிருக்கும்."

"வெந்துச்சா? இல்லல்ல? அப்புறம் என்ன பேச்சு?"

வெந்த மணிக்கட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை என்ஜினியர் சூப்பர்வைசர் ஆனான். கண்ணாடி தெரிந்த ஆள்தான் இனி ஹாலுக்கு வேண்டுமாம். கூடவே புது உத்தரவு: சூப்பை ஆறவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

"கொதிக்க வைக்கறது நானு, ஆற வைக்கறதும் நானா?" என்று மேஜை விசிறியைச் சூப் பானை பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சமையல்காரர் கரண்டியை விட்டெறிந்தார்.

அன்று மத்தியானத்துக்குள் மூன்று மேஜைகளில் வசவு. "காசு வாங்கிட்டுப் பச்சைத்தண்ணியக் குடுக்கறியா?" வாங்கிக் கட்டிக்கொண்டது டேப்தான்.

என்ஜினியர் நாற்காலியை விட்டு இறங்கி வந்தான். "அண்ணே, சூடாவும் வேணுங்கறாங்க, சுடவும் கூடாதுங்கறாரு முதலாளி. என்னண்ணே பண்றது?"

வழி டேப்பிடம் இருந்தது. சூப்பைச் சுடச்சுட வைத்து, குடித்து முடிக்க விட்டு, காலிக் கிண்ணம் எதிரில் இருக்கும்போதே கண்ணாடியைக் கொடுத்தால் போதும். கட்டம் கிண்ணத்தில்தானே இருக்கிறது, வாத்து அப்போதும் நீந்தும். மணிக்கட்டில் மருந்தைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத்தான் யோசித்திருந்தார். நுனிநாக்குவரை வந்தது.

"அதை யோசிக்கத்தானே தம்பி நாற்காலி போட்டிருக்கு. போய் உக்காந்து யோசி."

சொல்லிவிட்டு, ஆறிப்போன சூப்பை எடுத்துக்கொண்டு ஏழாம் மேஜைக்கு நடந்தார்.