தரையில் படாத தழும்பு

மருதமுனைக் கைத்தறிக்காரர் கச்சிமுகம்மதின் இடது புருவத்துக்கு மேலே, ஓரமாக, மிளகளவில் ஒரு மச்சம். நாற்பத்தைந்து வயது வரை அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு அது கறுத்துப் பருத்துப் படரத் தொடங்கியதும் ஊரே பார்த்தது. பார்த்ததோடு விட்டதா? பரவசப்பட்டது.

“சுஜூதில கிடந்து கிடந்து வந்த தழும்பு” என்றார்கள் பள்ளிவாசலில். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து வைத்து வந்ததாம்.

உண்மையில் கச்சிமுகம்மது அதுவரை வெள்ளிக்கு வெள்ளி தலைகாட்டுகிற ஆள். விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபஹு பாங்கையும் மிஞ்சித் தெருவுக்குக் கேட்பது அவருடைய குறட்டைதான். ஆனாலும் வலிய வருகிற மரியாதையை யார் வேண்டாமென்பார்? அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு தழும்புக்குத் தக்கபடி நடக்க வேண்டி வந்து, ஐந்து நேரமும் தொழத் தொடங்கினார். ஊர் அவரைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடி மரைக்காராக்கியது. தண்ணீர்ப் போத்தலோடு வந்து ஓதி ஊதச் சொன்னது. வயல்கள் நிறைய உள்ள சாய்ந்தமருதுப் போடியார் சீனிமுகம்மது, “இந்த நெத்தி உள்ள ஊட்டிலதான் சம்பந்தம்” என்று தன் மகனுக்கு இவருடைய மகள் ஜுனைதாவைக் கேட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு நாள் வைத்த பிறகு அது அரித்தது. தலையணையில் ரத்தம் கண்டதும் மனைவி ஸைனம்பு அவரை டாக்டர் நல்லரெத்தினத்திடம் துரத்தினாள்.

“சுஜூது தழும்பெண்டுதான் எல்லாரும் சொல்றாங்க, டாக்குத்தர் ஐயா.”

“அப்படியா மரைக்கார்? எங்க, நெத்தியை வைச்சுக் காட்டுங்க பாப்பம்.”

கச்சிமுகம்மது சீமெந்துத் தரையில் நெற்றியை வைத்தார். டாக்டர் பக்கத்தில் குந்தியிருந்து குனிந்து பார்த்தார். கறுப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும்.

“இது தரையில படவேயில்லையே! படுற இடத்தில வாற தழும்பு காய்ஞ்சு தடிச்சு, ஒரே நிறமாக் கிடக்கும். இதிர கரை பிஞ்ச சீலை மாதிரி. கறுப்பு, நீலம், சிவப்பு எல்லாம் கலந்து கிடக்கு.”

“மச்சம் எல்லாருக்கும் இருக்கே ஐயா?”

“இருக்கட்டும். கிடந்தபடி கிடக்கிற மச்சத்துக்கு நாம பயப்படத் தேவையில்ல. இது மாறுது, வளருது, ரெத்தம் கசியுது. புற்று எண்டுதான் நான் நினைக்கிறன். கெதியா மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டி எடுங்க. பிந்தினா வேர் உள்ளுக்கு ஓடி, காதடியில கழுத்தில கட்டி விழும்.”

அன்று பிற்பகல் அஸர்த் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் வைத்தே சம்பந்தியிடம் சொல்லிவிட்டார்.

“மச்சான், இது தழும்பில்ல, நோய் வருத்தம். வெட்டோணும்.”

“அடக்கத்தப் பாருங்க!” என்று சீனிமுகம்மது சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

“அல்லாவுக்காகக் கேளுங்க, நான் சுபஹு தொழுததே இப்ப கொஞ்ச நாளாத்தான்!”

“கேட்டீங்களா? பெரிய மனிசர் தங்கட தொழுகை அமலை இப்படித்தான் மறைப்பாங்க.” சொன்னவர் அந்தக் கறுப்பைத் தொட்டு, விரலைத் தன் முகத்தில் தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “வெட்டின நெத்தியோட நிண்டா ஊர் என்ன கதைக்கும்? கல்யாணம் முடியட்டும். மறுகா பாப்பம்.”

ஜுனைதாவை நினைத்துக் கச்சிமுகம்மது மட்டக்களப்புப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். பெருநாள் வந்தது, போனது; கல்யாண நாள் இன்னும் தள்ளியிருந்தது. கறுப்பு புருவத்தைத் தொட்டது. தறியில் உட்கார்ந்தால் நூல் அறுவது தெரியாமல் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். தொழுகையில் இப்போது உண்மையாகவே அழுதார். ஊர் அதையும் கண்டு மெய்சிலிர்த்தது.

ஒருநாள் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுளில் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி உளூச் செய்து காதைத் தடவியபோது, காதுக்குக் கீழே விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கல்லாக இருந்தது. தொழாமலே வீட்டுக்கு ஓடினார்.

ஸைனம்பு தொட்டுப் பார்த்தாள். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

மட்டக்களப்பு பஸ் நிற்கிற இடத்தில் சீனிமுகம்மது குறுக்கே வந்தார். “மச்சான், வெட்டினா இந்தச் சம்பந்தம் இல்ல. சொல்லிட்டன்.”

நாலு பேர் முன்னால் அதுவரை வாய் திறக்காத ஸைனம்பு கத்தினாள்: “உங்கட மகன் எண்ட புள்ளையைக் கட்டப் போறானா, இவர்ர நெத்தியைக் கட்டப் போறானா? தள்ளுங்க அங்கால!”

பஸ் புறப்பட்டது. நெற்றியில் பொத்திய கைலேஞ்சித் துணி ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தது.

“ஸைனம்பு, பிந்திட்டமா?”

அவள் எட்டி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

“டைவர் தம்பி, கொஞ்சம் கெதியா உடுங்க.”