மேடத்துக்குச் சூட்டு உடம்பு

சாவியைத் திருகுவதற்கு முன் வேலுமணி பின்பக்கம் திரும்பி, வண்டியில் ஏறியிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பான். "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்பான். கொடை ரோடு ரயிலடியில் இறங்கி, மலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புரியாது. வாடகை பேசியாகிவிட்டது, பெட்டியும் ஏற்றியாகிவிட்டது, இனி டிரைவருக்கு இது எதற்கு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "இட்லின்னா பரவால்ல, பின்னாடி ஒக்காரலாம். பூரி சாப்பிட்டவங்க மட்டும் ஜன்னல் ஓரமா வந்துருங்க." பூரி சாப்பிட்டவர் எப்போதும் ஒருவராவது இருப்பார். குற்றவாளி மாதிரி எழுந்து வருவார்.

என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை தொடங்கியதும், எந்த வளைவில் யாருக்குக் குமட்டும் என்று அவனால் சொல்லிவிட முடியும். வண்டியில் சீரகத் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சம்பழத் துண்டுகள், காகிதப் பைகள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அவனுடைய சுமோவில் வந்தவர்கள் வாந்தி எடுத்ததுண்டு. ஆனால் சீட்டில் எடுத்ததில்லை.

உலகத்தில் உள்ள எல்லாமே அவனுக்கு இரண்டே வகை. ஒன்று சூடு, இன்னொன்று குளிர்ச்சி. மனிதர்களில் சூட்டு உடம்பு, குளிர் உடம்பு. உதட்டையும் நகத்தையும் பார்த்தே சொல்லிவிடுவான். என் வீட்டுக்காரர் சூட்டு உடம்பு, அதனால் அவருக்கு முட்டை கிடையாது. அவன் மனைவி சுதாராணி குளிர் உடம்பு, அதனால் அவளுக்கு மோர் கிடையாது. வண்டியும் சூட்டு உடம்புதான். பாதி மலையில் ஊத்து என்ற ஊர் வந்ததும் ஓரங்கட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டாமல் மேலே ஏற மாட்டான். எங்கள் ஊரான பள்ளங்கியில் அவன் சொன்ன பத்தியத்தில் இருந்து உடம்பு தேறியவர்கள் நிறையப் பேர். நானும் ஒருத்தி.

போன சீசனில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், திரும்பிப் போகும்போது பின் சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை விட்டுவிட்டுப் போனது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆமை. பச்சை ஓடு, கழுத்தில் மஞ்சள் கோடுகள், கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்பாக ஒரு பட்டை. வேலுமணி பதறிப்போய் போன் போட்டான். "நீங்களே வச்சுக்கோங்க டிரைவர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"மறந்துட்டாங்க, பாவம். திரும்ப வரக் கூச்சப்படுறாங்க" என்றான் என்னிடம். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார்கள் என்பது அவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வண்டியில் ஏறிவிட்டால் பேசஞ்சர்தான் என்பது அவன் கணக்கு. அதனால் ஆமைக்கு மரியாதை கொடுத்தே பேசினான். ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. "ஒண்ணும் பேசாம மொறைச்சுப் பாக்குறாங்கல்ல? மேடம்தான்" என்று முடிவு செய்தான். சவாரி முடிந்து வந்தால் முதல் கேள்வி, "மேடம் சாப்பிட்டாங்களா?" என்பதுதான். சுதாராணி தட்டை எடுத்துக்கொண்டு நிற்பாள். அவள் சாப்பிட்டாளா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் நாளே மேடத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டான். "காதோரம் எப்படிச் செவந்து கெடக்கு பாருக்கா. சுத்தமான சூட்டு உடம்பு."

அப்படியே பத்தியம் தொடங்கியது. டப்பாவோடு வந்த தீனிப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தான். கருவாட்டு வாடை அடித்தது. கொதிப்பு என்று சொல்லிக் கோழிக்குப் போட்டுவிட்டான். கோழிகள் நன்றாகத் தேறின. மேடத்துக்குத் தயிர்ச்சோறு, வெள்ளரிக்காய், வெண்பூசணி. பூசணியை வத்தலக்குண்டில் இருந்து மெனக்கெட்டு வாங்கி வருவான். தண்ணீர் எங்கள் தோட்டத்து ஊற்றுத் தண்ணீர். மார்கழியில் அதில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். "குளுகுளுன்னு இருக்கட்டும்" என்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மாற்றி ஊற்றினான்.

அந்த மார்கழியில்தான் மேடத்தின் இமைகள் வீங்கின. ஊறவைத்த கொண்டைக்கடலையை ஒட்டிவைத்த மாதிரி இரண்டு பக்கமும் புடைத்து, கண் தெரியாமல் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டில் இருக்கும் இன்னொரு டிரைவர் வேல்ராஜ் எட்டிப் பார்த்தான்.

"ஏலே, இது மெட்ராஸ் ஐடா. மெட்ராஸ்ல இருந்து வந்ததுதானே."

அவன் கிண்டலுக்குச் சொன்னதை சுதாராணி நம்பிவிட்டாள். அன்றிலிருந்து கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் மாற்றினாள். வேலுமணியோ, சூடு கண்ணுக்கு ஏறிவிட்டது என்றான். சோற்றை நிறுத்தி, பூசணியும் மோரும் மட்டும் வைத்தான். வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி இரண்டு கண்ணிலும் ஒட்டினான். மேடம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டதும் துண்டுகள் இரண்டும் வெளியே விழுந்தன. மறுபடி ஒட்டினான்.

பிறகு மேடம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. டப்பாவின் சுவரில் மோதி மோதித் திரும்பியது. அப்புறம் அதுவும் இல்லை. ஒரு மூலையில் கிடந்தது. "என் வண்டில ஏறுனவங்க யாரும் பட்டினியா எறங்குனதில்லக்கா" என்று சொல்லிவிட்டு, அவனும் தட்டைத் தள்ளி வைத்தான்.

சுதாராணி கூலிங்கிளாஸைக் கழற்றினாள். "ஏங்க, ஒங்க வைத்தியம் மனுசங்களோட நிக்கட்டும். இது செத்துப்போச்சுன்னா ஒங்களைத் தேத்துற சோலி எனக்குத்தான். வெள்ளனே கெளம்பி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அக்கா, நீங்களும் கூடப் போங்க, இல்லாட்டி டாக்டருக்கே பத்தியம் சொல்லிட்டு வந்துருவாரு."

கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு பசு, ஒரு கன்றுக்குட்டி, ஏரிக்கரையில் சவாரி போகும் குதிரை ஒன்று. டப்பாவைத் துண்டால் மூடி வைத்திருந்தோம். குதிரைக்காரர், "யாருக்கு என்ன?" என்று கேட்டார்.

"மேடத்துக்குக் கண்ணு தெரியல" என்றான் வேலுமணி.

குதிரைக்காரர் என்னைப் பார்த்தார். நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்.

டாக்டர் தமயந்தி சின்ன வயதுக்காரர். "நான் ஆமைக்குப் பாத்ததில்லண்ணே, இருங்க" என்று மறைக்காமல் சொல்லிவிட்டு, கூடப் படித்த யாரையோ போனில் பிடித்து நெடுநேரம் பேசினார். பிறகு கேட்டார்.

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

இந்தக் கேள்வியை வாழ்நாளில் முதல்முறையாக இன்னொருவர் அவனிடம் கேட்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்து பட்டியலைச் சொன்னான்.

"கீரை?"

"பனிக்காலத்துல கீரை ஆகாதுங்க."

"மீனு, ஈரல்?"

"கொதிப்புங்க."

"கேரட்?"

"செவப்பா இருக்குல்லங்க. சூடு."

"ஒங்களுக்கு எந்த ஊரு?"

"பள்ளங்கிங்க."

"தோட்டம் இருக்கா? என்ன போட்டிருக்கீங்க?"

வேலுமணி டப்பாவைப் பார்த்தான். "கேரட்டுங்க" என்றான்.

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். "இந்தச் செவப்பு சூடு இல்லண்ணே. இந்த வகை ஆமைக்கு நெறமே இதுதான், பொறக்கும்போதே இருக்கும். சத்து இல்லாம கண்ணு வீங்கியிருக்கு. வைட்டமின் ஏ பத்தல. போதாததுக்குக் குளிர். இதுக்குத் தன் ஒடம்பைத் தானே சூடாக்கிக்கத் தெரியாது, வெளியில இருந்துதான் சூடு கெடைக்கணும். வெதுவெதுப்பாத் தண்ணி வையுங்க, வெயில்ல விடுங்க, பல்பு போடுங்க. தயிரைத் தொடவே தொடாதீங்க. கண்ணு தெரியாததால தீனி இருக்கிற எடம் அதுக்குத் தெரியல. ஊசி போடுறேன், சொட்டு மருந்து தர்றேன். ஆனா கண்ணைத் தொறந்து தானாத் தின்னாத்தான் பொழைக்கும். அதுக்கு நான் உறுதி சொல்ல முடியாது."

திரும்பும் வழியில் டப்பா என் மடியில் இருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு சொன்னான்: "மேடத்துக்குக் குளிர் உடம்புக்கா. வெளிய செவப்பைக் காட்டி என்னைய ஏமாத்திட்டாங்க."

அதன்பிறகு அவன் பார்த்த பக்குவத்தைத் தாய்கூடப் பார்க்க மாட்டாள். தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்ததால் ஈரலைத் தொட மாட்டான். என் வீட்டில் நான் நறுக்குவேன். அவன் வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "இன்னும் பொடிசா, இன்னும் பொடிசா" என்பான். அடுப்படிக் கொக்கியில் பல்பு தொங்கியது. ஆனால் எங்கள் ஊரில் கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதற்கும் வழி கண்டுபிடித்தான். மலை ஏறி வந்த சுமோவின் பானட் வெகுநேரம் சூடாக இருக்கும். அதன்மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டு டப்பாவை வைப்பான். குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல் முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்ப்பான். கூடினால் இன்னொரு சாக்கு, குறைந்தால் ஒரு சாக்கை உருவிவிடுவான். பக்கத்து வீட்டிலிருந்து வேல்ராஜ், "மதியச் சமையலும் வண்டிலதானா?" என்று கேட்டான். வேலுமணி இன்னொரு சாக்கை மடித்தான்.

கேரட் துருவலை வாயோரம் கொண்டுபோனால் மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஈரல் துணுக்கும் அப்படியே தண்ணீரில் மிதக்கும். ஓடு கையில் கனமே இல்லாமல் இருந்தது. நான் அதை அவனிடம் சொல்லவில்லை. அவனும் தூக்கிப் பார்த்திருப்பான்.

ஒரு நாள் மத்தியானம் கொடை ரோட்டில் இருந்து திரும்பியவன், வழக்கம்போல் டப்பாவை பானட்டில் வைத்தான். மஞ்சு விலகிக் கொஞ்சம் வெயில் அடித்தது. நான் துருவலோடு போய் நின்றேன். இடப்பக்கத்து இமை நடுவில் பிளந்து, ஈரமாக ஒரு கீற்று தெரிந்தது. அதற்குள் பப்பாளி விதை மாதிரி ஒரு கறுப்பு. அது அசைந்தது. என் விரலில் இருந்த துருவலைப் பார்த்தது. கழுத்து மெல்ல நீண்டு, ஒரு முறை குறி தப்பி, மறுமுறை கவ்வியது.

"அக்கா, பாக்குறாங்க" என்றான் வேலுமணி, சத்தம் இல்லாமல்.

பிறகு இரண்டடி பின்வாங்கினான். சுமோவின் பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, சட்டைப்பையில் இருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவினான். காலரை இழுத்துச் சரிசெய்தான். அதற்கப்புறம்தான் மேடத்துக்கு முன்னால் வந்து நின்றான்.