லான்மடாவ் கொட்டகையில் ஒன்ஸ்மோர்

அம்மாவின் காரியம் போன வாரம் முடிந்தது. நான் மின்சார வேலை படித்தவன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

பெயர் தைலம்மாள். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவள். தாத்தா தண்டவாளக் கூலி. வீட்டுக்குள் தமிழ், வெளியே பர்மியம். பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா காய்ச்சலில் போன பிறகு நாடகங்களில் பாடித்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

பக்கத்து வீட்டு மா சேன் சுருட்டுச் சுற்றியபடியே பர்மியக் கவிதைகள் சொல்வாள். அம்மா அரிசி புடைத்தபடி கேட்பாள். ஓர் அடியின் பொருள் பிடிபட்டதும், தெரிந்த நாடக மெட்டு ஒன்றில் அதைத் தமிழாக முணுமுணுப்பாள். சொல் மெட்டில் உட்காராவிட்டால் முறத்தை ஒரு தட்டுத் தட்டி மறுபடி தொடங்குவாள். அவள் மொழிபெயர்த்தது இப்படித்தான்.

1927-இல் அப்படி வந்த கவிதை ஒன்றை எழுதியவர் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறையில் இருந்தார். அது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் லான்மடாவ் கொட்டகையில் நடந்த சாயங்கால நாடகத்தில், நாடிழந்த ராணியின் புலம்பலுக்கு நடுவே அதைச் செருகினாள்.

*வீட்டுக்காரன் வாசலில் நிற்க
விருந்தாளி கட்டிலில் தூங்குகிறான்.*

முன்வரிசையில் போலீஸ் சுருக்கெழுத்தர் சுப்பிரமணியம் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து புதிதாக வந்தவர். மேடையில் பாடியதை அவர் குறித்துக்கொடுக்க, அதற்காக ஒரு பாகவதரை அப்போதுதான் நாடு கடத்திக் கப்பலேற்றியிருந்தார்கள்.

"பென்சிலைச் சீவி வச்சிருக்கான் பாரு, கோழி அறுக்கப் போறவனாட்டம்" என்று ஆர்மோனியக்காரர் சபாபதி தொடங்கும் முன்பே சொன்னார்.

"அண்ணே, வாயை மூடிக்கிட்டுக் கட்டையை அமுக்குங்க. அவன் வெத்தலை மெல்லும்போது பாடிட்டுப் போயிடுறேன்" என்றாள் அம்மா.

சொன்னபடியே பாடினாள். சுப்பிரமணியம் எச்சில் துப்ப எழுந்து போயிருந்தார். ஆனால் கொட்டகை அதிர்ந்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" கேட்டால் பாடியாக வேண்டும். பாடாத நடிகைக்குச் செருப்பு வரும். அடுத்த நாடகம் வராது.

சுப்பிரமணியம் ஓடி வந்து உட்கார்ந்தார். நோட்டை விரித்தார். அவரே கத்தினார்: "ஒன்ஸ்மோர், தைலம்மா! நம்ம காதிலயும் விழட்டும்!"

சபாபதியின் விரல் வேறு கட்டையில் விழுந்தது. நான் பக்கவாட்டில் விளக்குப் பலகையருகே நின்றிருந்தேன். விளக்கை அணைத்துவிட மெயின் சுவிட்சில் கை வைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். லேசாகத் தலையசைத்தாள். வேண்டாம்.

பாடினாள். அதே மெட்டு. சொல் மட்டும் பர்மியம், மா சேன் சொன்ன மூலம். சுப்பிரமணியத்தின் பென்சில் தாளில் ஊன்றியபடியே நின்றது. அவருக்குப் பர்மியம் ஒரு சொல்லும் தெரியாது. "ராணிக்குப் பயித்தியம் பிடிச்சிட்டுது, சார்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம்தான் பார்த்தேன். வாசலில் ஒரு பர்மியக் கான்ஸ்டபிள். அதுவரை தமிழ் புரியாமல் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர். இப்போது நிமிர்ந்து நின்றிருந்தார். நாங்கள் சுப்பிரமணியத்தை மட்டுமே கணக்கில் வைத்திருந்தோம்.

நாடகம் முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"பாடினது யார்?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"என் அம்மா."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

நான் குனிந்து விளக்குக் கம்பியைச் சுருட்டினேன். மா சேன் உள்ளேதான் அம்மாவுக்குச் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் திரைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்றைக்கு எனக்குக் காது அடைத்திருந்தது. இன்னொரு தடவை பாடினால் கேட்கும். உன் அம்மாவிடம் சொல்."

சொன்னேன். அம்மா முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "சேனைப் பத்திக் கேட்டானா?"

"கேட்டார். சொல்லலை."

"அது போதும்" என்றாள்.

அதற்குப் பின் அவள் மேடை ஏறவில்லை. இரண்டு கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். தொண்டை போய்விட்டது என்றாள். ஒன்ஸ்மோர் கேட்க மாட்டோம் என்று எந்தக் கூட்டம் வாக்குக் கொடுக்கும்? போலீஸ் பூட்ஸ் சத்தம் தெருவில் கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

தொண்டை போகவில்லை. மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்பு இரையும்போது, வெளியே கேட்காதபடி அந்தச் சத்தத்துக்கடியில் பாடுவாள். மா சேன் புதிதாகச் சொன்னவற்றையும் தமிழாக்கிப் பாடினாள். அடுப்பு அதிகம் இரைகிறது, முனையைச் சரிசெய்யட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "தொடாதே, ராசா. இரையட்டும்" என்றாள்.

அதனால் அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட எனக்கு முழுதாகக் கேட்டதில்லை.